முழங்கால் போடாதவன்

ஜூன் 14, வெள்ளி

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி நடப்பதை நடந்த அன்றே எழுதி வைக்கப்போகிறேன். பேராயருக்கு எழுத வேண்டிய நாள் வந்தால் தேதி சொல்லி எழுதலாம். பேராயர் படிக்கமாட்டார், அவருடைய செயலர் படித்துவிட்டுக் கோப்பில் போடுவார். போடட்டும். இந்த ஊரில் ஒழுங்காக ஒரு வாக்கியம் எழுதத் தெரிந்தவன் இருந்தான் என்பது அந்தக் கோப்புக்காவது தெரியட்டும்.

விஷயம் இதுதான். புதிதாக வந்திருக்கும் போதகர் ஜோயல் ஐயா இன்று மாலை பாடகர் குழுப் பயிற்சிக்கு வந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. "ஒரு சின்ன மாற்றம்" என்று ஆரம்பித்தார். இதுவரை மாதம் ஒரு முறை வரும் திருவிருந்து ஞாயிறுகளில் சபையார் எல்லோரும் வந்து அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிப் போன பிறகுதான் பாடகர் குழு எழுந்து போவோம். அதுவரை பாடிக்கொண்டிருப்போம். இனி நாங்கள் முதலில் போக வேண்டுமாம்.

"பாடுறவங்க கடைசியில அவசர அவசரமா வந்து வாங்க வேண்டியிருக்கு. அது மரியாதையா இல்ல" என்றார்.

குழுவை நடத்தும் கிளாரா டீச்சர் ஆர்கனின் மூடியை ஒரு தடவை திறந்து மூடினார். "நாப்பது வருஷ முறை ஐயா" என்றார்.

எனக்குப் பக்கத்தில் நின்று பாடும் செல்லத்துரை அண்ணாச்சி மட்டும், "நல்லதுதான். காலையில இருந்து வெறும் வயிறு. துண்டு அப்பம் விழுந்தா குரல் திறக்கும்லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் மாற்றம்.

ஜூன் 15, சனி

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. திங்கட்கிழமைதான் ஆள் வருவானாம். வெள்ளைச் சட்டையைக் குடத்துத் தண்ணீரில் துவைத்துப் போட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

இந்தப் பக்கம் பேராயருக்குப் போகாது. ஆகையால் எழுதலாம்.

எனக்கு நம்பிக்கை கிடையாது. இருபத்து மூன்று வயதில் போய்விட்டது. யாருடைய சாவும் காரணம் அல்ல. எம்.எஸ்சி. முடித்து விடுதியிலிருந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான் சொல்லும் எதையும் நான் நினைத்துச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்கியதைப் போலத்தான் இருந்தது. திரும்பிப் போய்த் தேடத் தோன்றவில்லை.

ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. என் மனைவி ஷீலா இறந்த இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் சொல்லப் பதில் இருக்கிறது: அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போகாவிட்டால், செல்லத்துரை அண்ணாச்சி பெயின்ட் கடையைச் சாத்திவிட்டு வந்து கதவைத் தட்டுவார். கல்லூரியில் முப்பது ஆண்டாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கிருந்து ஒருவரும் என் கதவைத் தட்டியதில்லை.

பாடுவது எனக்குப் பொய்யாகப் படவில்லை. நான்கு குரல்கள் சேர்ந்து ஒரு இடத்தில் நிற்கும்போது தரை அதிர்கிறது, அது ஒலியியல், அதை நான் நம்புகிறேன். ஆனால் பீடத்தின் முன்னால் உள்ள கிராதியில் முழங்கால் போட்டுக் கையை நீட்டுவது வேறு. போதகர் உங்கள் முகத்தைப் பார்த்து ஒன்று சொல்லி அப்பத்தைக் கையில் வைப்பார். நீங்கள் ஆமென் சொல்ல வேண்டும். அந்த ஆமென் கூட்டத்தோடு சொல்வது அல்ல. நேருக்கு நேர் கேட்கும் கேள்விக்குத் தரும் பதில். அதில் நான் பொய் சொன்னதில்லை. முப்பது ஆண்டுகளாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சொல்லாமல் இருக்க வழி இருந்தது. பாடகர் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவர்கள் கடைசி வரிசை. அதில் நான் கடைசி ஆள். என் முறை வருவதற்குள் டீச்சர் நன்றிப் பாட்டைத் தொடங்கிவிடுவார், பேஸ் இல்லாமல் அந்தப் பாட்டு நிற்காது, போதகரும் பாத்திரங்களை மூடிவிடுவார். யாரும் கவனித்ததில்லை.

இனி நான் முதலில், சபை முழுதும் பார்க்க, எழும்ப வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

பழைய முறையே நல்லது என்று நாலு பக்க மனு எழுதினேன். வழிபாட்டு மரபு, பாட்டின் தொடர்ச்சி, சபையாரின் அமைதி என்று எல்லாம் முறையாக வந்திருந்தது. கடைசியில்தான் யோசித்தேன்: மனுவை, சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் செயலரிடம் கொடுக்க வேண்டும். செயலர் டாக்டர் குணசிங். எங்கள் கல்லூரி முதல்வரும் அவர்தான்.

அந்த முதல்வர் நாற்காலி எனக்கு வரவேண்டியது. பணிமூப்பு எனக்குத்தான். நாலு ஆண்டுகளுக்கு முன் நிர்வாகக் குழுவில் என் பெயர் வந்தபோது, அவர் சொன்னாராம்: "தயாபரன் நல்ல வாத்தியார்தான். ஆனா மனுஷரோட ஒத்துப்போக மாட்டார்." குழுவில் இருந்தவர் ஒருவர் என்னிடம் வந்து சொன்னார். விடுதியில் இரண்டு ஆண்டு ஒரே அறையில் என்னோடு இருந்தவருடைய சாட்சி அது. யார் மறுப்பார்கள்?

மனுஷரோட ஒத்துப்போக மாட்டேனாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினைந்து பேரோடு சேர்ந்து மூச்சை இழுத்து, சேர்ந்து விடுகிறவன் நான்.

மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவரிடம் கேட்டு எதையும் வாங்குவதாக இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

நடந்துவிட்டது.

போதகர் அழைத்ததும் குழுவில் எல்லோரும் எழுந்தார்கள். நான் எழும்பவில்லை. செல்லத்துரை அண்ணாச்சி என் சட்டைக் கையைப் பிடித்து, "சார், வாங்க. ஏன் இருக்கிய?" என்றார். தலையை ஆட்டினேன். "கால் மரத்துப் போச்சா?" "நீங்க போங்க அண்ணாச்சி." அவர் போய்விட்டார். பெஞ்சில் நான் ஒருவன். எதிரே சபை முழுதும்.

வரிசைகளை ஒழுங்குபடுத்தி அனுப்புவது செயலர் வேலை. குணசிங் கிராதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்?

வெளியே வந்தபோது ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் மோசம்.

மத்தியானம் ரசமும் அப்பளமும். சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

நான் நம்பிக்கை இல்லாதவன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை உண்மை தெரிந்தது. அப்படி ஒருவர்கூட நினைக்கவில்லை. அது அவர்கள் புத்திக்கே எட்டவில்லை.

எங்கள் சபையில் ஒருவன் திருவிருந்து எடுக்காமல் உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோடோ சண்டை. சமாதானம் ஆகாமல் கிராதிக்குப் போகக் கூடாது என்பது சட்டம். கிணற்றுப் பங்குக்கு அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் பதினொரு ஆண்டு எழும்பாமல் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்கென்றே திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மாலையில் ஆயத்த ஆராதனை உண்டு. சண்டைக்காரர்கள் வந்து கை கொடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: தயாபரன் சார் எழும்பாதது குணசிங் அங்கே நின்றதால்.

வக்கீல் ஆசீர் கல்லூரி வாசலில் காத்திருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். போன கமிட்டித் தேர்தலில் குணசிங்கிடம் தோற்றவர். "சார், நாலு வருஷமா எத்தன பேர் வயிறெரிஞ்சுக்கிட்டு இருக்கோம். ஒருத்தனுக்கு முதுகெலும்பு இல்ல. நீங்க ஒரு வார்த்தை பேசாம காட்டிட்டிய" என்றார்.

அவரோடு கான்டீனுக்கு நடந்தேன். அவர் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 12, வெள்ளி

பயிற்சி முடிந்து டீக்கடையில் என்னைச் சுற்றி ஆறு பேர். வழக்கமாக அண்ணாச்சியும் நானும்தான் நிற்போம். நான் பேசும்போது எல்லோரும் கேட்டார்கள். நான் சொன்ன ஒரு பழைய நகைச்சுவைக்கு டெனர் பாடுகிறவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.

அண்ணாச்சி மட்டும் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே, "சண்டைன்னா சண்டையப் பேசித் தீத்துக்கிடணும் சார். சாமி முன்னால வச்சு இழுக்கக் கூடாது" என்றார்.

"நான் எதையும் இழுக்கலையே அண்ணாச்சி."

"அப்ப சரி. அப்ப எழும்பி வாங்க."

ஜூலை 20, சனி

சுகமாக இருக்கிறது. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மகளிர் சங்கத்திலிருந்து கருவாட்டுக் குழம்பு வந்தது. ஷீலா இறந்த மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்குத் தூக்குச்சட்டி வந்தது இப்போதுதான்.

அவர்கள் நினைப்பதை நான் திருத்தவில்லை. ஆனால் நான் எதையும் சொல்லவும் இல்லையே. சொல்லாதது பொய் ஆகாது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மறுபடியும் திருவிருந்து. மறுபடியும் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை எளிதாக இருந்தது. முதுகை நேராக வைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சபையில் கடைசி வரிசையும் போய் வந்த பிறகு செயலர் போய் முழங்கால் போடுவது வழக்கம். குணசிங்கின் மனைவி பாக்கியசீலி போய் முழங்கால் போட்டாள். பக்கத்தில் அவருக்கு இடம் விட்டிருந்தாள். குணசிங் போகவில்லை. தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றார். பாக்கியசீலி திரும்பிப் பார்த்தாள். கோயில் முழுதும் ஒரு சத்தம் எழுந்தது, பேச்சு அல்ல, துணி உரசுவது போல.

ஆசீர் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

நானும் அப்போது மகிழ்ந்தேன். எழுதிவைக்கிறேன். மகிழ்ந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல்வர் அறைக்கு அழைப்பு. மெமோ வரும் என்று நினைத்துப் பேனாவோடு போனேன்.

"உட்காரும்" என்றார்.

"நிக்கேன் சார்."

"கதவைச் சாத்தும் வே. இங்க பிரின்சிபாலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

நான் சாத்தவில்லை. அவரே எழுந்து போய்ச் சாத்தினார். அதற்கே மூச்சு வாங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாலு வருஷமா என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்புதீரு. நாள் போனா ஆறும்னு விட்டுட்டேன். இப்ப சபை முன்னால காட்டிட்டீரு. எனக்குத் தெரியாதுன்னு இனி சொல்ல முடியுமா? என் மேல ஒருத்தனுக்குக் குறை இருக்குன்னு தெரிஞ்ச பொறகு நான் எப்படிப் போயி கையை நீட்டுவேன்?"

"நீட்டுறதும் நீட்டாததும் உங்க விருப்பம் சார்."

"சார் சாருன்னு சொல்லாதேயும். என்ன குறைன்னு சொல்லும், மன்னிப்புக் கேக்கேன். இந்த நாற்காலியா? இத நான் கேட்டு வாங்கலே. குடுத்தாங்க, உட்காந்தேன். இதுக்கு மன்னிப்புக் கேட்டா அது நடிப்பு. சாமி முன்னால நடிக்க எனக்கு வராது. வேற என்ன செஞ்சேன்? ஏதாவது சொன்னேனா?"

அவருக்கு நினைவில்லை. நாலு ஆண்டாக எனக்கு மனப்பாடமாக இருக்கும் அந்த வாக்கியம் அவருக்கு நினைவில்லை. நடிக்கவும் இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும், விடுதியில் என் சவரக் கத்தியைத் தொலைத்துவிட்டு எங்கே வைத்தேன் என்று விழித்த முகம்.

சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை, நான் எழும்பாதது அதற்காக, நீர் போய் வாங்கிக்கொள்ளும் என்றும் சொல்லியிருக்கலாம்.

"எனக்கு வகுப்பு இருக்கு சார்" என்றேன். உண்மையில் வகுப்பு இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிந்திருக்கிறேன். இரண்டு நாளாகக் கடைச் சாப்பாடு, நெஞ்செரிச்சல்.

ஆகஸ்ட் 17, சனி

பாக்கியசீலி வந்தாள். தனியாக, வெயிலில், குடைகூட இல்லாமல். என்னை இப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள்.

"இருக்க வரலே அண்ணே. சொல்லிட்டுப் போயிருதேன். அவங்களுக்கு நெஞ்சுல வால்வு பழுது. செப்டம்பர் நாலாம் தேதி சென்னையில ஆபரேஷன். ஒண்ணாம் தேதி ஞாயித்துக்கிழமை திருவிருந்து எடுத்துட்டுப் போகணும்னு ஆசை. ஆனா போக மாட்டேங்காங்க. 'அவன் மனசுல என்னை வச்சுக்கிட்டு உட்காந்திருக்கான். நான் அத வாங்குனா எனக்கே ஆக்கினை, சாமி தண்டிச்சிரும்'னு சொல்லுதாங்க. ராத்திரி தூக்கம் இல்ல. ஆபரேஷனுக்குப் பயம் இல்ல அண்ணே, அது இல்லாம போகத்தான் பயப்படுதாங்க."

"டாக்டர் யாரு?" என்று கேட்டேன்.

"டாக்டரை நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணு சொல்லுங்க. அவங்க மேல உங்களுக்குக் குறை இருக்கா, இல்லையா?"

"காப்பி போடட்டுமா?"

அவள் வாசற்படி இறங்கித் திரும்பினாள். "ஷீலா மதினி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப பகல் முழுக்க உங்க கூட உட்காந்திருந்தது யாரு அண்ணே? நானும் அவங்களும்தானே? சரி, அத இப்ப என்னத்துக்குச் சொல்லுதேன். உங்க காப்பி வேண்டாம்."

போய்விட்டாள். வெயிலில் தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது கணக்கில் வராது. ஷீலா இறந்தது முந்தி, அவர் என்னைப் பற்றிச் சொன்னது பிந்தி.

ஆகஸ்ட் 21, புதன்

போதகர் வந்தார். சுற்றி வளைக்காமல் பேசினார். அதற்காக மரியாதை வருகிறது, எரிச்சலும் வருகிறது.

"முப்பத்தொண்ணாம் தேதி ஆயத்த ஆராதனையில ரெண்டு பேரும் முன்னால வந்து கை கொடுங்க சார். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல முழங்கால் போடுங்க. அவர் நிம்மதியா போகட்டும்."

"கை மட்டும் கொடுத்தா போதாதா?"

"கை கொடுத்துட்டு மறுநாள் நீங்க எழும்பலேன்னா, கொடுத்த கை பொய்யின்னுதானே அவர் நினைப்பார்?"

சரியான வாதம். அவரைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன்.

வாசல் வரை கொண்டு விட்டபோது வாய் வரை வந்துவிட்டது. பொதுவாகக் கேட்பது போல் கேட்டேன்: "பாடகர் குழுவுல ஒருத்தருக்கு விசுவாசத்துல சந்தேகம் இருந்தா என்ன செய்வீங்க ஐயா?"

"சந்தேகம்னா பேசலாம். எனக்கே உண்டு" என்று சிரித்தார். "விசுவாசமே இல்லேன்னா கஷ்டம் சார். குழுவுல இருக்கிறவங்க திருவிருந்து எடுக்கிறவங்களா இருக்கணும்னு விதி இருக்கு. கமிட்டி சும்மா விடாது. ஏன் கேக்கீங்க?"

"சும்மாதான்."

ஆக, குணசிங்கை விடுவிக்க இரண்டு வழி. கிராதியில் முழங்கால் போட்டு, நான் ஒருபோதும் சொல்லாத பொய்யைச் சொல்ல வேண்டும். அல்லது உண்மையைச் சொல்லி வெள்ளிக்கிழமைகளை இழக்க வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் அப்படியே சென்னைக்குப் போவார்.

நான் நம்பாத ஒன்றை வைத்து, அதை நம்புகிறவரை நான் பிடித்துக் கட்டியிருக்கிறேன். நாலு ஆண்டாக எனக்கு இப்படி ஒரு கயிறு கிடைத்ததில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். கிளாரா டீச்சர், "நீர் நில்லும்" என்றார். எழுபது வயதாகிறது, இன்னும் பள்ளிக்கூட மிரட்டல் குரல்.

"எத்தனை வருஷமா உமக்காகப் பாட்டைச் சீக்கிரம் தொடங்குதேன்னு தெரியுமா?"

புரியவில்லை என்றேன்.

"உமக்கு முந்தின ஆளு எழும்புனதும் நன்றிப் பாட்டை வாசிச்சிருவேன். போதகர் முடிஞ்சுதுன்னு நினைச்சு மூடிருவாரு. அது தானா நடக்குதுன்னு நினைச்சீராக்கும்?"

"ஏன் டீச்சர்?"

"முதல் தடவை தெரியாம செஞ்சேன். அப்ப உம்ம மூஞ்சியப் பாத்தேன். ஜாமீன் கிடைச்சவன் மாதிரி இருந்தது. சரித்தான், இவருக்கு அங்க போக மனசில்ல, இங்க இருக்க மனசு இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். அவ்வளவுதான்."

"நீங்க யார்ட்டயாவது..."

"எனக்கு வேற சோலி இல்லையா?" ஆர்கன் மூடியைச் சாத்திப் பூட்டினார். "ஆனா இது வேற. அந்த மனுஷன் உம்மாலதான் போகலே. உம்ம பிணக்கு அவரோடயா, அவருக்கு மேல உள்ளவரோடயா? அத நீர்தான் சொல்லணும். நான் சொன்னா அது கோள்."

"சொன்னா குழுவுல இருக்க முடியாது டீச்சர்."

"முடியாமப் போகலாம்" என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. "எனக்கும் வேற பேஸ் கிடையாது. செல்லத்துரை உம்ம வாயப் பாத்துத்தான் பாடுதாரு. என்ன செய்ய?"

டீக்கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

குணசிங் மெலிந்துவிட்டான். சட்டைக் கழுத்தில் இரண்டு விரல் நுழையும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆசீர் வீட்டுக்கு வந்தார். நல்ல உற்சாகம்.

"இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் தாக்குப் பிடிங்க சார். ரெண்டாவது தடவையும் செயலர் திருவிருந்து எடுக்கலேன்னா சபையில கேள்வி வரும். நான் எழுப்புவேன். ஆபரேஷன், அது இதுன்னு அவரே ராஜினாமா குடுத்துருவாரு. இடைக்காலச் செயலர் நீங்கதான். எல்லார்ட்டயும் பேசிட்டேன்."

"அவருக்கு உடம்பு சரியில்ல ஆசீர்."

"அதான் சொல்லுதேன். நல்ல சமயம்."

"மனுஷரோட ஒத்துப்போறவனை வைங்க" என்றேன்.

"உங்களுக்கென்ன சார்? எல்லாரும் உங்க பக்கம்லா இருக்காங்க!"

எழுந்து போகச் சொன்னேன். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு காப்பியைக் குடித்து முடித்தார். மறுபடியும் சொன்னேன். அதன் பிறகுதான் போனார். போகும்போது, "உங்களைப் பத்தி குணசிங் சொன்னது சரிதான் போல" என்றார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தாள் திருத்தம். ஒன்றும் ஓடவில்லை. ஒரே விடையை மூன்று தடவை படித்து மூன்று விதமாக மதிப்பெண் போட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

விடுப்பு எடுத்தேன். காலையிலிருந்து எழுதியதில் ஒரு தாள் மிஞ்சியிருக்கிறது. பேராயருக்கு அல்ல. குணசிங்குக்கு. சுருக்கமாகத்தான் இருக்கிறது:

"ஜூலை மாதம் முதல் பாடகர் குழுவில் ஒருவன் எழுந்து வராதது உம்மால் அல்ல. அவனுக்கு நம்பிக்கை இல்லை. நீர் அவனை முதலில் பார்த்த கொஞ்ச காலத்துக்குள்ளேயே அது போய்விட்டது. அவன் கோயிலுக்கு வருவது மனிதர்களுக்காக. உம்மேல் அவனுக்குக் குறை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் முழங்கால் போடும்."

வேறு எப்படி எழுதினாலும் குணசிங் போகமாட்டான். குறை உண்டு, ஆனால் நீ போகலாம் என்று எழுதினால் போகமாட்டான். நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் எதை என்று கேட்டு நேரில் வந்து நிற்பான், மூச்சு வாங்க.

இனி கையெழுத்து. தாளின் அடியில் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பெயர் போடாமலே அவனுக்குத் தெரிந்துவிடும். என் எழுத்தை இரண்டு ஆண்டு பார்த்து ரெக்கார்டு நோட்டு எழுதியவன். தெரியட்டும். அவன் நினைத்தால் இந்தத் தாளாலேயே என்னைக் குழுவிலிருந்து வெளியேற்றலாம். பெயர் இல்லாவிட்டால் அது கொஞ்சம் கடினம், மொட்டைக் கடிதங்களைக் கமிட்டி எடுத்துக்கொள்ளாது என்று தீர்மானம் கொண்டுவந்தவனே அவன்தான். விதி எனக்கும் தெரியும். இது ஒரு காரணம்.

பேனாவை மூடி வைத்ததற்கு அது மட்டும் காரணம் அல்ல. நம்பிக்கை இல்லை என்ற வரிக்குக் கீழே என் பெயரைப் போட்டுவிட முடியும். மனிதர்களுக்காக வருகிறேன் என்பதற்குக் கீழேயும் போடலாம். குறை எதுவும் இல்லை என்ற வரிதான் தடுக்கிறது. இருக்கிறது. இன்று காலை பல் தேய்க்கும்போதுகூட, ஒத்துப்போக மாட்டார் என்ற அந்த வாக்கியம் அவன் குரலிலேயே கேட்டது. நேருக்கு நேர் கேட்கும் கேள்விக்குப் பொய் சொன்னதில்லை என்று முப்பது ஆண்டாகப் பெருமையோடு இருந்தவன், குணசிங்கின் மனைவி வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு இப்போது இந்தத் தாளில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் அவனுக்கு ஒன்றுக்கும் உதவாது. வைத்தால் என் பெயரை அதன் கீழ் எழுத முடியாது.

வரி இருக்கட்டும். பெயர் வேண்டாம்.

தலைமைத் தபால் நிலையத்தில் மூன்று மணிக்குக் கட்டு எடுப்பார்கள். இன்று போட்டால் நாளைக்கோ வெள்ளிக்கிழமையோ அவன் கைக்குப் போய்விடும். உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு போய், இப்படியே, கையெழுத்து இல்லாமல் போட்டுவிட்டு வரப்போகிறேன்.